போணிக்கு முன்னால் புகார் கூடாது

திரும்ப அனுப்புவதற்கான கெடு முடிந்து பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. கோளாறு என்னிடம் இல்லை, யுகுலேலேயில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறுதியானது.

பத்து நாள் கெடு. அந்தப் பத்து நாளும் தப்பு என் காதில்தான் என்று நினைத்திருந்தேன். யுகுலேலே என்பது நான்கு தந்தி உள்ள சின்ன கிட்டார். மடியில் வைத்தால் தூங்கும் பூனை அளவுக்கு இருக்கும். வீடியோவில் ஒரு பெண் வாசிக்கும்போது இனிமையாக இருந்தது. நான் வாசிக்கும்போது கொஞ்ச நேரம் இனிமையாக இருந்துவிட்டு, பிறகு பூனையை யாரோ மிதித்தது போல ஆனது. பழகப் பழகச் சரியாகும் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் நம்பினேன்.

நான் எம்.எஸ்சி. வேதியியல். பொம்மசந்திராவில் ஒரு மருந்து கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. பதினோராவது நாள் சும்மா அளந்து பார்க்கத் தோன்றியது. ஏ என்ற தந்தியைச் சரியாக 440 ஹெர்ட்ஸில் நிறுத்தி, போனில் சுருதி காட்டும் ஆப்பைத் திறந்து வைத்து, நிமிடத்துக்கு ஒருமுறை குறித்தேன். பதினோராவது நிமிடத்தில் 415. மறுபடி செய்தேன். 415. மூன்றாவது முறையும் 415. மனிதத் தவறு இவ்வளவு ஒழுங்காக இருக்காது. தந்தியை முறுக்கும் திருகு ஒன்று தானாக நழுவிக்கொண்டிருந்தது.

வாங்கிய தளத்தில் புகார் சொல்லப் போனேன். ஸ்னேஹா என்ற பெயரில் ஒரு இயந்திரம் பேசியது. என் வருத்தம் தனக்கு நன்றாகப் புரிவதாகச் சொன்னது. பிறகு கெடு முடிந்துவிட்டது என்றது. பிறகு இந்த உரையாடல் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று கேட்டது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தேன். இயந்திரம்தான், ஆனாலும் முகத்தில் அடித்த மாதிரி ஒன்று கொடுக்க மனம் வரவில்லை.

அன்று ஞாயிறு. வெள்ளிக்கிழமை எங்கள் கம்பெனி ஆண்டு விழா.

எச்.ஆர். தீபிகா எல்லோருக்கும் ஒரு படிவம் அனுப்பியிருந்தாள். "உங்கள் திறமை" என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் படிவம் போகாது. "யுகுலேலே (இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்)" என்று எழுதினேன். நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தபோது அடைப்புக்குறியையும் அதற்குள் இருந்ததையும் காணவில்லை. "தனி யுகுலேலே: மகா, தரக் கட்டுப்பாடு" என்று மட்டும் இருந்தது. முடியாது என்று தீபிகாவிடம் சொல்ல மூன்று முறை அவள் மேசை வரை போனேன். மூன்று முறையும் ஸ்டேப்ளர் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனால் வாசிக்க ஆசை இல்லாமலும் இல்லை. கையில் ஒரு கருவி இருந்தால் எல்லோரும் கருவியைத்தான் பார்ப்பார்கள். அதற்காகத்தான் அதை வாங்கினேன்.

பிரேசர் டவுனில் நாங்கள் இருக்கும் அறையிலிருந்து நாலு தெரு தள்ளி, கோல்ஸ் ரோட்டில், ஒரு வாத்தியக் கடை இருக்கிறது. கிளெமென்ட் அண்ட் சன்ஸ். நான் அங்கே போகப்போவதாகச் சொன்னதும் என் அறைத்தோழி ஷில்பா தலையில் கை வைத்தாள்.

"பேடா கணே, போகாத. என் கசின் அங்க கிட்டார் தந்தி வாங்கப் போனான்."

"என்ன ஆச்சு?"

"இன்னும் வயலின் கிளாஸ் போய்ட்டு இருக்கான்."

ஷில்பா ஹாசன்காரி, வீட்டில் கன்னடம். தமிழ் என்னிடமும் சினிமாவிடமும் கற்றுக்கொண்டது. விளக்கம் கேட்டால் இன்னும் குழம்பும். நான் கேட்கவில்லை.

எனக்கு அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். பன்னிரண்டே காலுக்குக் கம்பெனி பஸ். அதனால் காலையில்தான் போக முடியும். கூட்டம் இருக்கிற கடையில் எனக்குப் பேச வராது. ஆகவே கடை திறக்கும் நேரத்துக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு முடிவுதான் காரணம்.

திங்கட்கிழமை பத்தரைக்குக் கடை வாசலில் நின்றேன். பத்தரைக்குத் திறக்கும் என்று பலகை சொன்னது. பதினொன்றுக்குத் திறந்தது. ஐம்பது வயது இருக்கும் ஒரு அம்மா பூட்டைத் திறந்து, ஷட்டரை ஒரே இழுப்பில் தூக்கி, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இன்னா பாப்பா, இவ்ளோ காலைல?"

பெருக்குவது, துடைப்பது, பில் போடுவது எல்லாம் இந்த வள்ளியம்மாதான் என்று பிறகு தெரிந்தது. கடைக்காரர் கிளெமென்ட்டும் கூடவே வந்தார். அறுபதைத் தாண்டியவர். கண்ணாடி நெற்றியில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் போனை எடுத்து, யாரோ எங்கோ மீன் பிடிக்கும் வீடியோவைப் போட்டார்.

நான் சொல்ல வேண்டியதை வாசலில் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன். "சார், இது உங்கள் கடையில் வாங்கியது அல்ல. ஆனாலும் உதவ முடியுமா?" ஒன்பது சொல். கடைக்குள் நுழைந்ததும் அவர் தலைக்கு மேல் இருந்த பலகைகளைப் படித்தேன். 'தொடக் கூடாது.' 'வாசித்துப் பார்க்கக் கூடாது.' 'சும்மா விலை கேட்கக் கூடாது.' எல்லாவற்றுக்கும் மேலே, பெரியதாக: 'ஆன்லைனில் வாங்கிய பொருளுக்கு இங்கே ரிப்பேர் கிடையாது.' அதன் கீழே பேனாவில்: 'கேட்கவும் கூடாது.'

ஒன்பது சொல்லையும் மறுபடி மடித்து வைத்துக்கொண்டேன்.

"ஸ்டாக் இல்ல," என்றார் கிளெமென்ட், மீனைப் பார்த்துக்கொண்டே.

"இல்ல அங்கிள், இதுல ஒரு..."

"கம்ப்ளெய்ண்ட்டா?"

யுகுலேலேயை மேசைமேல் வைத்தேன்.

"போணி ஆச்சா வள்ளியம்மா?"

"கடையே இப்பதான் ஸார் தெறந்தோம்."

"அப்ப கம்ப்ளெய்ண்ட் எடுக்க முடியாதும்மா. முதல் ஆளு கம்ப்ளெய்ண்ட்டோட வந்தா நாள் பூரா கம்ப்ளெய்ண்ட்தான் வரும். நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்கு இந்த மாதிரி விஷயத்துல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா போணி போணிதான். ஏதாவது வாங்கு. அப்பறம் பேசு."

யாராவது வாங்கிவிட்டுப் போகும்வரை காத்திருக்கிறேன் என்று ஒரு சாதாரண மனுஷி சொல்லியிருப்பாள். நான் சுற்றிலும் பார்த்தேன். தொடக் கூடாது என்பதால் கண்ணாலேயே தேடினேன். மேசைமேல் முட்டை வடிவத்தில் ஒரு பிளாஸ்டிக் பொருள் இருந்தது. குலுக்கினால் உள்ளே மணிகள் சலசலக்கும். அதைக் காட்டினேன். வள்ளியம்மா என் பெயரைக் கேட்டுப் பில் போட்டார். கிளெமென்ட் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு யுகுலேலேயை இழுத்தார்.

"நம்ம பீஸ்தானே?"

"அது வந்து, அங்கிள்..."

"தெரியுதும்மா. மரத்தைப் பார்த்தாலே தெரியுது. என் கடை பீஸ் எனக்குத் தெரியாதா? இதெல்லாம் ஆன்லைன்ல கிடைக்குமா? ஒரு மனுஷன் மூஞ்சியப் பார்த்துப் பேசுற மாதிரி ஆகுமா?" அவர் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை. மீன் அப்போதுதான் தூண்டிலில் சிக்கியிருந்தது. "நம்ம பீஸ்தானே?"

"ம்," என்றேன்.

நான் சொன்ன பொய் அவ்வளவுதான். ஒரே ஒரு மெய்யெழுத்து.

"ஸ்க்ரூ டிரைவர் வீட்ல இருக்கு. நாளைக்கு வா."

செவ்வாய்க்கிழமையும் முதல் ஆள் நான்தான். ஜால்ரா வாங்கினேன்.

அன்று ஒரு வரைபடமும் கொண்டு போயிருந்தேன். கிடையாக நிமிடம், மேலே சுருதி. மூன்று சோதனைக்கும் மூன்று நிறம். வாயால் சொல்ல முடியாததைத் தாளில் காட்டிவிடலாம் என்று எண்ணம். கிளெமென்ட் கண்ணாடியை மூக்குக்கு இறக்காமலே தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"யாருக்கு ஈசிஜி?"

"ஏ தந்தி அங்கிள். பதினோரு நிமிஷத்துல இறங்கிடுது."

"அப்ப பத்து நிமிஷத்துல வாசிச்சு முடி."

தர்க்கம் சரியாகத்தான் இருந்தது.

"கச்சேரியா பண்ணப் போற?"

"ஒரே ஒரு பாட்டு. வெள்ளிக்கிழமை. கம்பெனி விழா."

"ஒரு பாட்டு மூணு நிமிஷம். உனக்கு எட்டு நிமிஷம் லாபம்."

"எனக்கு முன்னாடி எங்க எம்.டி. பேசுவார் அங்கிள். நான் மேடையிலயே ஓரமா உக்காந்திருக்கணும்."

"எவ்ளோ நேரம் பேசுவார்?"

"போன வருஷம் நாப்பத்தஞ்சு நிமிஷம்."

கிளெமென்ட் முதல் முறையாக வீடியோவை நிறுத்தினார். அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது.

"அப்ப கீ மாத்தணும். விட்டுட்டுப் போ."

அந்தத் திருகுக்குக் கடை மொழியில் கீ என்று பெயர். நான் விட்டுவிட்டுத் திரும்பும்போது ஒருவர் உள்ளே வந்தார்.

"வயலின் வில் இருக்கா?"

"ஸ்டாக் இல்ல."

"அதோ தொங்குதே."

"அது டிஸ்ப்ளே."

"அதையே குடுங்க."

"குடுத்துட்டா டிஸ்ப்ளேக்கு நான் எங்க போறது?"

வந்தவர் அங்கேயே நின்று போனை எடுத்து ஆர்டர் போட்டார். அன்று மாலையே வந்துவிடும் என்று கிளெமென்ட்டுக்குக் காட்டியும் விட்டுப் போனார். கிளெமென்ட் என்னிடம் திரும்பினார்.

"பார்த்தியாம்மா, இந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பொறுமையே இல்ல."

"ம்," என்றேன். அந்த எழுத்து எனக்குப் பழகிவிட்டிருந்தது.

புதன்கிழமை மவுத் ஆர்கன்.

அதை வாங்குவதற்கு முன்பே என் யுகுலேலே கண்ணில் பட்டது. சுவரில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் மாட்டியிருந்தது. அதன் கழுத்தில் ஒரு அட்டை: 'நம்ம பீஸ்.' ஒரு அப்பாவும் மகளும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிளெமென்ட் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை.

"தட்டிப் பாருங்க சார். தொடலாம், தொடலாம். இந்த சவுண்டு ஆன்லைன்ல வருமா? அவன் அட்டைப்பெட்டிக்குள்ள போட்டு அனுப்புறான். இது கை மாறி கை வந்த பீஸ். இதோ, வாங்கின பொண்ணே வந்திருக்கு. கேளுங்க. எப்படிம்மா இருக்கு நம்ம பீஸ்?"

அப்பா என்னைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கூச்சப்படுது," என்று கிளெமென்ட் பெருமையாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு என் பக்கம் குனிந்தார். "ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. திங்கக்கிழமை நீ போணி பண்ணிட்டுப் போன. அரை மணியில ஒரு ஹார்மோனியம் போச்சு. ஆறு மாசமா தூசி தின்னுட்டு இருந்த பீஸ். நேத்து ரெண்டு தபேலா. உன் கை ராசியான கைம்மா."

"கீ மாத்தியாச்சா அங்கிள்?"

"எங்கம்மா, கீ வரணும். நாளைக்குக் காலைல வா. கரெக்டா திறக்கிற நேரத்துக்கு வா."

அறைக்கு வந்ததும் ஷில்பா மவுத் ஆர்கனைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த ஜால்ராவையும் முட்டையையும் பார்த்தாள்.

"யுகுலேலே எல்லி?"

"கடையில."

"அதாவது, இருந்த ஒண்ணைக் குடுத்துட்டு மூணு வாங்கிட்டு வந்திருக்க."

"போணி."

"இன்னும் ரெண்டு நாள் போனா பஜனைன்னு நினைச்சு நம்ம ரூம் வாசல்ல சாமியே வந்து நிக்கும். சும்மா சொல்லிடு கணே. 'இது ஆன்லைன்ல வாங்கினது, பண்ணிக் குடுங்க'ன்னு. என்ன பண்ணுவாரு?"

"பலகை இருக்கு."

"பலகை கடிக்குமா?"

கடிக்காது. ஆனால் யுகுலேலே அவர் சுவரில் இருந்தது. சொன்னால் அதை எடுத்து, கீ மாற்றாமல், என் கையில் கொடுப்பார். வெள்ளிக்கிழமை எம்.டி. நாற்பத்தைந்து நிமிடம் பேசுவார். அதன் பிறகு முந்நூறு பேர் முன்னால் நான் பூனையை மிதிப்பேன். சொல்லாவிட்டால் ஒரு வயதான மனிதர் என் 'ம்' ஒன்றை நம்பி ஊருக்கெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருப்பார். இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் சாயவில்லை.

வியாழக்கிழமை பத்தரைக்கு வாசலில் நின்றபோது வள்ளியம்மா ஏற்கெனவே படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் காட்டினார். உட்கார்ந்தேன்.

"ரிப்பேர் செவ்வாக்கெழமையே முடிஞ்சிச்சு பாப்பா," என்றார்.

"என்னது?"

"நீ போன பத்து நிமிஷத்துல முடிச்சிட்டாரு. பழைய மேண்டலின் ஒண்ணுலருந்து கீ கழட்டி, அரத்தால ராவி, அப்டியே கச்சிதமா பூட்டிட்டாரு. வேலைன்னு உக்காந்தா மனுஷன் வேற மாதிரி. உக்கார மாட்டாரு, அவ்ளோதான். உன் கை ராசின்னு நாளைக்கு வா, நாளைக்கு வான்றாரு. வாரம் பூரா உன்ன வர வெக்கப் பாக்குறாரு."

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. ஆனால் என் கோபமும் என்னைப் போலத்தான். ஒரு ஓரமாக வந்து நின்றது.

"இன்னொன்னும் சொல்லணும்," என்று குரலைத் தணித்தார். "அடியில ஆன்லைன் ஸ்டிக்கர் இருந்திச்சு. கட்டம் கட்டமா, கோடு கோடா. நீ விட்டுட்டுப் போனதுமே நான்தான் பிச்சுப் போட்டேன்."

கிளெமென்ட் வருகிறாரா என்று தெருவைப் பார்த்தேன்.

"பயப்படாத. அவரு கண்ணாடியே போட மாட்டாரு, எங்க பாத்தாரு? அவரு உன்கிட்ட ஒண்ணு மறைக்கிறாரு, நீ அவர்கிட்ட ஒண்ணு மறைக்கிற. சரியாப் போச்சு. எடுத்துக்கினு கமுக்கமா கெளம்பு."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. கிளெமென்ட் வந்தார். ஷட்டர் ஏறியது. அந்த நேரத்தில்தான் வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் பெயர் ஸ்ரீஹர்ஷா. வைட்ஃபீல்டில் நானூறு வீடுகள் உள்ள ஒரு அப்பார்ட்மென்ட்டின் சங்கச் செயலாளர். அவர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே இவ்வளவும் இருந்தது. ராஜ்யோத்சவ விழாவுக்கு, அதாவது மாநிலம் பிறந்த நாளுக்கு, ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வேண்டும். போன வருஷம் ஆன்லைனில் வாங்கிய மைக் தலைவர் பேசும்போதே உயிரை விட்டுவிட்டது. அதனால் இந்த முறை நேரில் பார்த்து, கேட்டு, வாங்கப் போகிறார். அவர் கன்னடத்தில் கேட்டார். கிளெமென்ட் தமிழில் பதில் சொன்னார். இருவருக்கும் அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

"உக்காருங்க சார், ஒரே நிமிஷம். மகா, முதல்ல நீ வா. போணி பண்ணு. உன் கையால ஆரம்பிச்சா சார் முழுக் கடையையும் வாங்கிடுவார்."

மைக்கின் தலையில் மாட்டும் சிவப்பு ஸ்பாஞ்சு உறை ஒன்று வாங்கினேன். என்னிடம் மைக் கிடையாது.

அதற்குள் ஸ்ரீஹர்ஷா சுவரைப் பார்த்துவிட்டார். "அது என்ன?"

கிளெமென்ட் யுகுலேலேயை இறக்கினார். வாசித்தும் காட்டினார். அவருக்கு இவ்வளவு அழகாக வாசிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. விரல்கள் பார்க்காமலே தந்தியில் நடந்தன. ஏ தந்தி சுத்தமாக, தெளிவாக, நின்ற இடத்தில் நின்றது. போனில் ஆப்பைத் திறந்து மேசைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். 440.

"எங்க குழந்தைகளுக்குச் சனி ஞாயிறு கிளாஸ் ஆரம்பிக்கிறோம்," என்றார் ஸ்ரீஹர்ஷா. "பன்னெண்டு வேணும். ஆனா இதேதான் வேணும். இதே மரம், இதே சவுண்டு. வேற ஏதாவது வந்தா அப்படியே திருப்பி அனுப்பிடுவேன்."

"இதே தான் சார். நம்ம பீஸ். குடவுன்ல இருக்கு. அடுத்த வியாழக்கிழமை பன்னெண்டும் உங்க வீட்டு வாசல்ல இருக்கும்."

வள்ளியம்மா இருமினார். குடவுன் என்பது கடைக்கு மேலே இருந்த பரண். அங்கே கிழிந்த ஹார்மோனியம் துருத்தி ஒன்றும் வள்ளியம்மாவின் குடையும் இருந்தன.

கிளெமென்ட் பொய் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. ஒன்று விற்றிருக்கிறோம், அப்படியானால் எங்கோ இன்னும் இருக்கும் என்று அவர் முழுமனதாக நம்பினார். அடுத்த வியாழக்கிழமை பரணில் ஏறித் தேடுவார். இருக்காது. ஸ்ரீஹர்ஷா போனை எடுத்து அதே யுகுலேலேயை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். நானூறு வீட்டிலும் சொல்வார். ஆறு மாதத் தூசிக்குப் பிறகு இந்தக் கடைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர் என் 'ம்' மேல் நின்றுகொண்டிருந்தது.

வள்ளியம்மா பில் புத்தகத்தைத் திறக்காமல் கையிலேயே வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். யுகுலேலே கிளெமென்ட்டின் மடியில் இருந்தது. அவர் தலைக்கு மேல் பலகை இருந்தது.

"அங்கிள்," என்றேன்.

"எழுது வள்ளியம்மா, பன்னெண்டு."

"அங்கிள், அது..."

"இரும்மா. சார், மைக் பார்த்துடலாமா?"

"அங்கிள்," என்று மூன்றாவது முறை சொன்னேன். என் பக்கத்தில் இருந்த மிருதங்கத்துக்குக்கூடக் கேட்டிருக்காது.

கிளெமென்ட் ஸ்பீக்கரை வாசல் படியில் தெருவைப் பார்த்து வைத்தார். வயரைச் சொருகினார். ஏதோ ஒரு குமிழை முழுவதும் திருப்பினார். பிறகு மைக்கை எடுத்து, என்னைப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"சார், மைக்கு டெஸ்ட்டுன்னா எல்லாக் கடையிலயும் அவனே கத்திக் காட்டுவான். கத்தினா எந்த மைக்கும் கேக்கும். இங்க பாருங்க, இந்தப் பொண்ணு. நாலு நாளா வருது. இது பேசி நான் ஒரு வார்த்தை முழுசாக் கேட்டதில்ல. இது குரலையே இந்த மைக்கு பிடிச்சுட்டா அப்பறம் என்ன இருக்கு? மகா, ஹலோ சொல்லு."

நான் வாங்கிய சிவப்பு உறையை அவரே மைக்கின் தலையில் மாட்டி என் கையில் கொடுத்தார்.

"ஹலோ," என்றேன்.

'ஹலோ... லோ... லோ...' என்றது கோல்ஸ் ரோடு. ஒரு ஆட்டோ பிரேக் போட்டது. எதிர்ப்பக்கம் பேக்கரியில் பஃப்ஸ் தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பினார்கள். ஸ்ரீஹர்ஷா கட்டை விரலை உயர்த்தினார்.

அவ்வளவு பெரிய குரல் எனக்கு இதுவரை இருந்ததில்லை. அது என்னிடமிருந்து வரவில்லை, வாசலிலிருந்து வந்தது. எல்லோரும் ஸ்பீக்கரைத்தான் பார்த்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

"சூப்பர்! இன்னும் ரெண்டு வார்த்தை பேசும்மா. எதாவது. நம்ம பீஸ் பத்திச் சொல்லு."

மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்தேன்.

"இந்த யுகுலேலே," என்றேன்.

'லேலே... லேலே...' என்றது தெரு.

"இது பதினோரு நிமிஷத்துக்கு மேல சுருதி நிக்காது. நான் அளந்து பார்த்தேன். மூணு தடவை."

கிளெமென்ட்டின் சிரிப்பு அப்படியே நின்றது. ஸ்ரீஹர்ஷா கட்டை விரலை இறக்கினார்.

"இப்ப நிக்குது. கிளெமென்ட் அங்கிள் கை வெச்சப்பறம்தான் நிக்குது. பழைய மேண்டலின் கீயை ராவிப் போட்டிருக்கார். பத்தே நிமிஷத்துல போட்டார். இந்த மாதிரி வேலை வேற எங்கயும் பண்ண மாட்டாங்க. நான் கேட்டுப் பார்த்தேன், ஸ்னேஹாகிட்ட."

"யாரும்மா ஸ்னேஹா?" என்றார் கிளெமென்ட். மைக் இல்லாததால் அவர் குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது.

வள்ளியம்மா பில் புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆட்டோக்காரர் இஞ்சினை அணைத்துவிட்டார். பேக்கரியில் பஃப்ஸ் பாதி வழியில் நின்றது.

"ஆனா இதே மாதிரி பன்னெண்டு அங்கிள்கிட்ட இல்ல சார். ஒண்ணுகூட இருந்ததில்ல."

கிளெமென்ட்டின் நெற்றியிலிருந்து கண்ணாடி தானாக நழுவி மூக்கில் வந்து உட்கார்ந்தது. நாலு நாளில் முதல் முறையாக அவர் என் முகத்தைத் தெளிவாகப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். மெல்லச் சொன்னாலே போதும் என்று மைக்கை வாயருகே வைத்தேன். நல்ல மைக்.

"ஏன்னா அங்கிள், இது ஆன்லைன்ல வாங்கினது."